பழைய கணனியும் புதிய விளையாட்டும்: மேசைக் கணனியைத் தரமுயர்த்தலின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கணனியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் புதிய பொறிகளின் வரலாற்றையே எழுதியுள்ளனர். எந்த ஆண்டில் எந்தப் பொறி வெளிவந்தது, அதன் வேகம் யாது, அதனை ஆக்கியோர் யாவர் என்பனவே அவ்வரலாறுகளின் உள்ளடக்கமாகும். வாங்கிய பொறியைப் பல ஆண்டுகள் பேணி, அதன் மூடியைத் திறந்து, ஓர் உறுப்பை அகற்றி இன்னோர் உறுப்பைப் பொருத்தி, அதனைப் புதிய தேவைக்கு இணங்கச் செய்துகொண்ட பயனாளரின் வரலாறு அவற்றிலே போதிய இடம் பெறவில்லை. ஆயினும் மேசைக் கணனியின் தனித்தன்மை இப்பண்பிலேயே தங்கியுள்ளது. வானொலிப் பெட்டியையோ தொலைக்காட்சிப் பெட்டியையோ வாங்கியவர் அதனைப் பகுதி பகுதியாகப் புதுப்பித்துக்கொள்வதில்லை. மேசைக் கணனியை வாங்கியவர் அவ்வாறு செய்கின்றார். அதற்கு அவரைத் தூண்டிய விசைகளுள் மிக வலுவானது விளையாட்டாகும்.

பல ஆண்டுப் பழமையுடைய ஒரு கணனியிலே இன்றைய விளையாட்டொன்றை இயக்கவியலுமா என்னும் வினா, மேலோட்டமாக நோக்குவார்க்கு இளைஞரின் பொழுதுபோக்குப் பற்றிய சிறு வினாவாகவே தோன்றும். ஆனால் அதனுள்ளே வேறொரு வினா அடங்கியுள்ளது. ஒரு பொறி எப்போது பழையதாகின்றது, அதனைத் தீர்மானிப்பவர் யார் என்பதே அது. உறுப்புகள் தேய்ந்து பழுதடைவதனால் மட்டும் பொறி பழையதாவதில்லை. நன்கு இயங்கும் பொறிகளும் பழையன என ஒதுக்கப்படுகின்றன. மேசைக் கணனியின் ஏறத்தாழ ஐம்பதாண்டு வரலாற்றை நோக்கின், உறுப்பும் உறுப்பும் இணையும் எல்லையின் விதிகள் யாருடைய கையில் உள்ளன என்பதிலேயே இத்தீர்மானம் பெரிதும் தங்கியிருந்தமை புலனாகும்.

1. திறந்த அமைப்பின் தோற்றம்

1975 ஜனவரியில் அமெரிக்காவின் 'பொப்பியுலர் இலெக்ரோனிக்ஸ்' சஞ்சிகையின் அட்டையிலே அல்ரெயர் 8800 என்னும் சிறு கணனி இடம்பெற்றது. நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் அல்புகேர்க்கி நகரிலிருந்த மிற்ஸ் என்னும் சிறு நிறுவனம் அதனை ஆக்கியது. அதற்கு விசைப்பலகையும் இல்லை, திரையும் இல்லை, நினைவகமோ வெறும் 256 பைற்றுகளே. எனினும் அதனுள்ளே நூறு இணைப்பு முனைகளைக் கொண்ட ஒரு பொதுப் பாட்டை அமைந்திருந்தது. கூடுதல் நினைவகம் வேண்டியவர் அதற்குரிய அட்டையை அப்பாட்டையிலே செருகிக்கொள்ளலாம். முனை ஒவ்வொன்றும் எதற்குரியது என்பது வெளிப்படையாக இருந்தமையால், மிற்ஸ் நிறுவனத்தோடு தொடர்பற்ற பிறரும் அட்டைகளை ஆக்கி விற்கத் தலைப்பட்டனர். பின்னர் எஸ்-100 எனப் பெயர்பெற்ற இப்பாட்டை 1983இல் ஒரு முறையான நியமமாகவும் வகுக்கப்பட்டது. ஆக்கியவரின் நிறுவனம் மறைந்த பின்னரும் அது வகுத்த எல்லை வாழ்ந்தது.

1977இல் வெளிவந்த அப்பிள் இரண்டு கணனியில் எட்டு விரிவாக்கச் செருகிடங்கள் இருந்தன. இரண்டு செருகிடங்களே போதும் என ஸ்ரீவ் ஜொப்ஸ் கருதியபோதும், அதனை வடிவமைத்த ஸ்ரீவ் வொஸ்னியாக் எட்டு வேண்டுமென உறுதியாக நின்றார். வாங்குபவர் அப்பொறியை எதற்குப் பயன்படுத்துவார் என்பதை ஆக்குபவர் முன்கூட்டியே அறியவியலாது என்னும் உண்மையை அவ்வெட்டுச் செருகிடங்களும் ஏற்றுக்கொண்டன எனலாம். அதே நிறுவனம் 1984இல் வெளியிட்ட மக்கின்ரொஷ் கணனியில் ஒரு செருகிடமும் இருக்கவில்லை. ஒரே நிறுவனத்தினுள்ளே நிலவிய இவ்விரு நோக்குகளும் பிற்கால வரலாறு முழுவதிலும் தொடர்ந்து மோதிவந்துள்ளன.

இம்மோதலின் போக்கைத் தீர்மானித்த நிகழ்ச்சி 1981 ஓகஸ்ட் 12ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாள் கணனியை அறிமுகஞ் செய்தமையாகும். பெருங்கணனிகளின் உறுப்புகளையும் மென்பொருளையும் பெரும்பாலும் தானே ஆக்கிவந்த அந்நிறுவனம், இச்சிறு கணனியை ஏறத்தாழ ஓராண்டுக்குள் வெளியிட விரும்பியது. புளோரிடா மாநிலத்தின் போக்கா ரற்றோன் நகரில் இயங்கிய குழுவினர் அதன்பொருட்டு வெளிச்சந்தையிற் கிடைத்த உறுப்புகளையே பயன்படுத்தினர். செயலி இன்ரெல் நிறுவனத்தினுடையது. பணிசெயல் முறைமை மைக்றோசொவ்ற் நிறுவனத்தினுடையது. ஐந்து விரிவாக்கச் செருகிடங்கள் வைக்கப்பட்டன. பொறியின் மின்சுற்று வரைபடங்களும், அதனைத் தொடக்கிவைக்கும் 'பயோஸ்' என்னும் அடிப்படைச் செய்நிரலின் முழு வரிகளும் அடங்கிய தொழினுட்பக் கைந்நூல் ஒன்றும் விற்பனைக்கு விடப்பட்டது. 16 கிலோபைற்று நினைவகத்துடன் 1565 டொலருக்கு விற்கப்பட்ட இக்கணனி, அவசரத்தின் காரணமாகவே திறந்த பொறியாயிற்று. இத்திறப்பின் முழு விளைவையும் அதனை ஆக்கியோர் அன்று எதிர்பார்த்தாரல்லர்.

2. எல்லையை மீட்கும் முயற்சி

ஐ.பி.எம். கணனியின் உறுப்புகளுள் பிறர் அப்படியே எடுத்தாள முடியாதபடி பதிப்புரிமையாற் காக்கப்பட்டது பயோஸ் ஒன்றே. 1982இல் ரெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்ரன் நகரில் தொடங்கப்பட்ட கொம்பக் நிறுவனம், ஐ.பி.எம். எழுதிய வரிகளைப் பாராத பொறியியலாளரைக் கொண்டு, அதே பணிகளைச் செய்யும் புதிய பயோஸ் ஒன்றை எழுதுவித்தது. பீனிக்ஸ் என்னும் நிறுவனம் 1984 முதல் இத்தகைய பயோசை வேண்டிய எவர்க்கும் விற்கலாயிற்று. இதன் பின்னர் ஐ.பி.எம்.முக்கு இணங்கிய கணனியை எவரும் ஆக்கலாம் என்னும் நிலை உருவாயிற்று. ஒரே அட்டை பல கம்பனிகளின் பொறிகளிற் பொருந்தியது. பொறியின் உரிமையாளர் அதனை ஆக்கிய கம்பனியைச் சாராமலே அதனைத் தரமுயர்த்தக்கூடியவரானார்.

இழந்த எல்லையை மீட்க ஐ.பி.எம். 1987 ஏப்ரலில் முயன்றது. அப்போது வெளியான பி.எஸ்.2 வகைக் கணனிகளின் உயர்தரப் பொறிகளில் 'மைக்றோ சனல்' என்னும் புதிய பாட்டை இடம்பெற்றது. தொழினுட்ப அளவில் அது பழைய பாட்டையினும் மேம்பட்டதே. ஆனால் மக்கள் கைவசமிருந்த பழைய அட்டைகள் அதிற் பொருந்தவில்லை. அதனைப் பயன்படுத்த விரும்பிய பிற கம்பனிகள் உரிமைக் கட்டணம் செலுத்தவேண்டியிருந்தது. இதற்கு மாற்றாகக் கொம்பக் முதலிய ஒன்பது கம்பனிகள் 1988இல் ஒன்றிணைந்து, பழைய அட்டைகளையும் ஏற்கும் இன்னொரு பாட்டையை அறிவித்தன. இவ்விரண்டும் வீட்டுக் கணனிகளிற் பெருவழக்குப் பெறவில்லை. பழைய பாட்டையே பல்லாண்டு நீடித்தது. சிறந்த தொழினுட்பமாயினும் பழைய உடைமையைப் பயனற்றதாக்குமாயின் சந்தை அதனை ஏற்கத் தயங்கும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

3. விளையாட்டு என்னும் உந்துவிசை

தொடக்ககால ஐ.பி.எம். கணனி விளையாட்டுக்குரிய பொறியாகக் கருதப்படவில்லை. அதன் ஒலி ஒரு சிறு ஒலிபெருக்கியின் கீச்சொலியே. அதன் வண்ண வரைகலை ஒரே நேரத்தில் நான்கு நிறங்களையே காட்டியது. இக்குறைகளைச் செருகிடங்கள் நிறைவு செய்தன. 1987இல் கனடாவின் அட்லிப் நிறுவனம் இசையை எழுப்பும் அட்டையொன்றை வெளியிட்டது. 1989இல் சிங்கப்பூரின் கிரியேற்றிவ் நிறுவனம் வெளியிட்ட 'சவுண்ட் பிளாஸ்ரர்' அட்லிப்புக்கென எழுதப்பட்ட இசையையும் ஒலித்தது. அதற்கு மேலாகப் பதிவுசெய்த குரலையும் ஒலித்தது. விளையாட்டுப் பிடியை இணைக்கும் வாயிலையும் கொண்டிருந்தது. முன்னையதற்கு இணங்கியவாறே முன்னையதை மிஞ்சியமை அதன் வெற்றிக்கு ஒரு முக்கிய காரணமாகும்.

1993 டிசம்பரில் ரெக்சசின் இட் சொவ்ற்வெயர் நிறுவனம் வெளியிட்ட 'டூம்' என்னும் விளையாட்டு 386 வகைச் செயலியையும் 4 மெகாபைற்று நினைவகத்தையும் வேண்டிநின்றது. 1981ஆம் ஆண்டின் அடிப்படைக் கணனியின் நினைவகத்தைப் போல் இது 256 மடங்காகும். 386 கணனியில் அது மெதுவாகவே ஓடியது. 486 கணனியிலேயே சரளமாக ஓடியது. ஆயினும் பழைய பொறியை உடையவர் காட்சிப் பரப்பைச் சுருக்கியும் நுணுக்கத்தைக் குறைத்தும் விளையாட வழி வைக்கப்பட்டிருந்தது. பழைய பொறிக்கு விளையாட்டு ஓரளவு விட்டுக்கொடுத்தது. விளையாட்டுக்காகப் பயனாளரும் தமது பொறியில் ஓரளவு செலவிட்டனர். தரமுயர்த்தற் பண்பாடு இத்தகைய இணக்கத்திலேயே வளர்ந்தது.

அதே நிறுவனம் 1996 ஜூனில் வெளியிட்ட 'குவேக்' இவ்வுறவை மேலும் கடுமையாகச் சோதித்தது. அதன் முப்பரிமாண உலகைக் கணிப்பதற்குத் தசம எண் கணிப்பில் வல்ல செயலி வேண்டியிருந்தது. இன்ரெல்லின் பென்ரியம் அவ்வல்லமை உடையது. சைறிக்ஸ் நிறுவனத்தின் 6எக்ஸ்86 செயலி அலுவலக வேலைகளில் பென்ரியத்தோடு போட்டியிடக்கூடியதாயினும் குவேக்கில் பின்தங்கிற்று. செயலியின் தரத்தை அளக்கும் உரைகல்லாக விளையாட்டு மாறியமைக்கு இது தக்க சான்றாகும்.

அவ்வாண்டிலேயே திறீ டி எவ்.எக்ஸ். நிறுவனத்தின் 'வூடூ' வரைகலைச் சில்லுகளைக் கொண்ட அட்டைகள் சந்தைக்கு வந்தன. இவ்வட்டை முப்பரிமாணக் காட்சியை மாத்திரமே வரைந்தது. ஏற்கெனவே பொறியிலிருந்த காட்சி அட்டையை அகற்ற வேண்டியிருக்கவில்லை. இரண்டையும் வெளியே ஒரு கம்பியால் இணைத்தாற் போதும். பழையது தன் வேலையைச் செய்ய, புதியது தன் வேலையைச் செய்தது. தரமுயர்த்தல் என்னும் கருத்தை இதனைவிடத் தெளிவாகக் காட்டும் பொருளைக் காண்டல் அரிது. ஆனால் அதனை ஆக்கிய நிறுவனம் 2000ஆம் ஆண்டின் இறுதியில் தன் உடைமைகளை என்விடியா நிறுவனத்துக்கு விற்க முடிவுசெய்தது. அந்நிறுவனத்துக்கே உரிய வரைதல் மொழியில் எழுதப்பட்ட விளையாட்டுகளும் அதனோடு சேர்ந்து ஆதரவிழந்தன. பொது எல்லையை விட்டுத் தனி எல்லையை நம்புவதன் இடர் இங்கு வெளிப்பட்டது.

4. பொது நியமங்களின் நிலைபேறு

இன்று பழைய கணனியொன்றைத் தரமுயர்த்துபவர் தம்மையறியாமலே மூன்று பொது நியமங்களின் பயனைத் துய்க்கின்றார். முதலாவது, பெட்டி, தாய்ப்பலகை, மின்வழங்கி ஆகியவற்றின் அளவுகளையும் இணைப்புகளையும் வகுத்த ஏ.ரி.எக்ஸ். நியமம். இது 1995இல் இன்ரெல் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. இரண்டாவது, 1992இல் தோன்றிய பி.சி.ஐ. பாட்டையின் வழித்தோன்றலாக 2003இல் வகுக்கப்பட்ட பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ். பின்வந்த அதன் தலைமுறைகள் யாவும் முன்னைய தலைமுறைகளோடு இணங்கியே வந்துள்ளன. மூன்றாவது, சேமிப்பகத்துக்குரிய சாற்றா இணைப்பு. சுழலும் வன்தட்டுக்கென வகுக்கப்பட்ட அதே இணைப்பில் அசையும் உறுப்புகளற்ற திண்மநிலைச் சேமிப்பகத்தையும் பொருத்தலாம். 2023இல் வெளியான 'ஸ்ரார்பீல்ட்' போன்ற விளையாட்டுகள் திண்மநிலைச் சேமிப்பகத்தை இன்றியமையாத் தேவையாக விதித்தபோது, பழைய பொறியை உடையோர் பலர் எளிதில் அதனை நிறைவுசெய்ய முடிந்தது இந்நியமத்தினாலேயாகும்.

ஆயினும் நியமம் பொருத்தத்தை உறுதிசெய்யுமேயன்றிச் சமநிலையை உறுதிசெய்யாது. விளையாட்டின் ஒவ்வொரு காட்சிச் சட்டத்தையும் செயலி முதலில் ஆயத்தஞ் செய்கின்றது. வரைகலை அட்டை பின்னர் அதனை வரைகின்றது. செயலி மெதுவானதாயின் எத்துணை வலிய அட்டையும் அதன் வரவுக்காகக் காத்திருக்கும். மின்வழங்கியும் கருதத்தக்கது. வரைகலை அட்டைக்குச் செருகிடத்தின் வழியாகக் கிடைப்பது 75 உவாற்று மட்டுமே. அதற்கு மேல் வேண்டும் அட்டைக்குத் தனிக் கம்பி வேண்டும். பெருங்கம்பனிகள் அலுவலகங்களுக்கென ஆக்கிய பொறிகள் பலவற்றின் மின்வழங்கியில் அத்தகைய கம்பி இருப்பதில்லை. 2016இல் வெளியான என்விடியாவின் 1050 ரி.ஐ. அட்டை, அவ்வெல்லைக்குள்ளேயே இயங்கியதால், கைவிடப்பட்ட அலுவலகக் கணனிகளை விளையாட்டுக் கணனிகளாக மாற்ற விரும்பியோரின் விருப்புக்குரியதாயிற்று.

பெயரளவில் இணக்கம் இருந்தும் பயனளவிற் குறையும் நிலையுமுண்டு. வழமையான வரைகலை அட்டைகள் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் செருகிடத்தின் எட்டு அல்லது பதினாறு தடங்களைப் பயன்படுத்துவன. 2022 ஜனவரியில் ஏ.எம்.டி. நிறுவனம் வெளியிட்ட மலிவு விலை 6500 எக்ஸ்.ரி. அட்டையோ நான்கு தடங்களையே பயன்படுத்தியது. புதிய தாய்ப்பலகையில் அது போதுமானதாயிருந்தது. மூன்றாந் தலைமுறைச் செருகிடமுடைய பழைய பலகையில் தரவு செல்லும் வேகம் பாதியாகக் குறைந்தமையால் பல விளையாட்டுகளில் அதன் திறன் வெகுவாக வீழ்ந்தது. மலிவான அட்டையைப் பெரிதும் நாடுவோர் பழைய பலகையை உடையோரே என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

5. செயலிக் குதை பற்றிய சர்ச்சை

அட்டைகளின் எல்லை பொதுவுடைமையாகவே நிலைத்தபோதும், செயலி பொருந்தும் குதையின் வரலாறு வேறாயிற்று. 1990களின் நடுப்பகுதியில் இன்ரெல், ஏ.எம்.டி., சைறிக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களின் செயலிகளும் ஏழாங் குதை என்னும் ஒரே குதையிற் பொருந்தின. 1997இல் வெளிவந்த பென்ரியம் இரண்டுடன் இன்ரெல் தனக்கே உரிய புதிய செருகிடத்துக்கு மாறியது. அன்று முதல் ஒரு கம்பனியின் செயலியை வாங்கியவர் அக்கம்பனியின் குதைக்குள்ளேயே நிற்கவேண்டியவரானார். 2017இல் வெளியான இன்ரெல்லின் எட்டாந் தலைமுறை மேசைக் கணனிச் செயலிகள் முன்னைய தலைமுறையின் அதே வடிவக் குதையையே கொண்டிருந்தும், புதிய தாய்ப்பலகையை வேண்டிநின்றன.

அதே 2017இல் ஏ.எம்.டி. தனது ரைசன் செயலிகளை ஏ.எம்.4 என்னும் குதையுடன் விற்பனைக்கு விட்டது. அக்குதைக்கு 2020 வரை ஆதரவளிப்பதாகவும் வாக்களித்திருந்தது. 2020 மே மாதத்தில், வரவிருந்த புதிய செயலிகள் அண்மைக்காலப் பலகைகளிலேயே இயங்கும் என அந்நிறுவனம் அறிவித்தது. பயோசைத் தாங்கும் சில்லின் கொள்ளளவு போதாமையே காரணமாகக் காட்டப்பட்டது. பயனாளரின் கண்டனம் வலுவாக எழவே, இரு வாரங்களுக்குள் அம்முடிவு தளர்த்தப்பட்டது. 2022இல் முதற் காலப் பலகைகளுக்கும் ஆதரவு விரிந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் வெளிவந்த 5800எக்ஸ்3டி என்னும் செயலி, விளையாட்டில் அன்று முன்னணியில் நின்றவற்றுள் ஒன்றாகும். 2017ஆம் ஆண்டுப் பலகையை உடைய ஒருவர், பலகையை ஆக்கியவர் புதிய பயோசை வழங்கியிருப்பின், பலகையையும் நினைவகத்தையும் மாற்றாமலே அதனைப் பொருத்திக்கொள்ளலாம். முடியாது எனக் கூறப்பட்டது ஈராண்டுக்குள் முடிந்தது. தொழினுட்பத் தடை எனக் காட்டப்படுவதன் ஒரு பகுதி வணிகத் தீர்மானமாகவும் இருக்கலாம் என்பதை இந்நிகழ்ச்சி தெளிவாக்கிற்று.

6. மென்பொருளின் வழி வந்த எல்லை

அண்மை ஆண்டுகளிலே தடை செருகிடத்திலிருந்து மென்பொருளுக்கு இடம்பெயர்ந்துள்ளது. 2021 ஒக்ரோபரில் வெளியான விண்டோஸ் 11, பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் ரி.பி.எம். 2.0 என்னும் வசதியையும், குறித்த பட்டியலில் அடங்கும் செயலியையும் நிபந்தனையாக விதித்தது. 2017இல் வாங்கப்பட்ட முதலாந் தலைமுறை ரைசன் செயலிகளும் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. 'வலறான்ற்' போன்ற போட்டி விளையாட்டுகளும், ஏமாற்றைத் தடுக்கும் நோக்குடன், விண்டோஸ் 11இல் அதே வசதியை வேண்டின. இங்கு பழைய பொறி தடைப்படுவது வேகக்குறைவினால் அன்று, அனுமதி இன்மையினாலாகும்.

1993ஆம் ஆண்டின் டூம் வரிசையில் 2025 மே மாதம் வெளிவந்த 'டூம்: த டார்க் ஏஜஸ்', ஒளிக்கதிர்களின் போக்கைக் கணிக்கும் தனி வன்பொருளை வரைகலை அட்டையிற் கட்டாயமாக்கியது. 2017இல் மிக உயர்ந்த விலைக்கு விற்கப்பட்ட 1080 ரி.ஐ. அட்டையில் அவ்வன்பொருள் இல்லை. முதலாவது டூம் பழைய பொறிக்குச் சுருங்கிய காட்சியையாவது அளித்தது. புதிய டூமில் அத்தகைய சலுகை இல்லை. மறுபுறத்தே, வால்வ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட 'புறொற்றன்' என்னும் மென்பொருள், விண்டோசுக்கென எழுதப்பட்ட பல விளையாட்டுகளை லினக்ஸ் பணிசெயல் முறைமையில் இயக்க வழிசெய்து, ஒதுக்கப்பட்ட பொறிகளுக்கு இன்னொரு வாயிலைத் திறந்துள்ளது.

மூடிய அமைப்பினர் கூறும் நியாயத்தையும் புறக்கணித்தல் தகாது. நினைவகம் செயலிக்கு அண்மையில் நிலையாகப் பொருத்தப்படுமாயின் தரவு விரைவாகச் செல்லும். மாற்றத்தக்க உறுப்புகளையுடைய மடிக்கணனிகளுக்குப் பெயர்பெற்ற பிரேம்வேர்க் நிறுவனமே 2025இல் அறிவித்த மேசைக் கணனியில், இக்காரணத்தினால், நினைவகத்தைப் பலகையோடு ஒட்டவைத்தது. பாதுகாப்பு நிபந்தனைகளும் காரணமற்றவை அல்ல. பழைய பொறிகளுக்கெல்லாம் என்றென்றும் இடங்கொடுக்குமாறு விளையாட்டை ஆக்குவோரைக் கேட்பதும் பொருந்தாது. ஆனால் இந்நியாயங்களின் செலவைத் தாங்குபவர் யார் என்பதும் கேட்கப்படவேண்டும். 2022ஆம் ஆண்டில் உலகில் 62 மில்லியன் தொன் மின்னணுக் கழிவு உண்டாயிற்று எனவும், அதில் 22.3 சதவீதமே முறையாகச் சேகரிக்கப்பட்டு மீள்சுழற்சி செய்யப்பட்டமைக்குச் சான்றுண்டு எனவும் ஐக்கிய நாடுகளின் 2024ஆம் ஆண்டு அறிக்கை கூறுகின்றது. பொறி ஒன்றை ஒரே தடவையில் வாங்கும் வசதியற்றவர், இவ்வாண்டு நினைவகத்தையும் வருமாண்டு வரைகலை அட்டையையும் வாங்கி முன்னேறும் வழி அடைபடுமாயின், இழப்பு விளையாட்டோடு நின்றுவிடுவதில்லை. பாடம் பயில்வதும் நிரல் எழுதுவதும் அதே பொறியிலேயே நிகழ்கின்றன.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒன்று தெளிவாகின்றது. 1981இல் மேசைக் கணனி திறந்த பொறியானது அவசரத்தின் விளைவே. அது திறந்தவாறே நிலைத்தமை அவசரத்தின் விளைவன்று. பிறர் புகுந்து ஆக்கியதனாலும், பழைய அட்டைகளைக் கைவிட மறுத்த பயனாளரின் பிடிவாதத்தினாலும், 1988இல் நிகழ்ந்தது போன்ற கூட்டு முயற்சிகளினாலும், 2020இல் எழுந்தது போன்ற கண்டனங்களினாலும் அது மீண்டும் மீண்டும் காக்கப்பட்டது. பழைய கணனியின் மூடியைத் திறந்து புதிய அட்டையைச் செருகும் ஒருவர், தமக்குமுன் பலர் போராடிக் காத்த ஓர் உரிமையைப் பயன்படுத்துகின்றார். அவ்வெல்லை செருகிடத்தில் இருந்தபோது கண்ணுக்குப் புலப்பட்டது. அனுமதிப் பட்டியல்களிலும் இரகசியச் சாவிகளிலும் அது மறையும்போது அதனைக் காப்பது கடினமாகும். ஒரு பொறி பழையது எனக் கூறப்படும்போது, அது எவ்வாறு, யாரால் பழையதாக்கப்பட்டது என வினவும் வழக்கத்தை இவ்வரலாறு கற்பிக்கின்றது.